திருகோணமலையின் வானிலையை மலைநாட்டில் தேட வேண்டும்

ஊருக்கு வர எந்த மாதம் நல்லது என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதோ ஆடி ஆவணியில், அல்லது நத்தாரை ஒட்டிய மார்கழியில். ஆடியில் வந்தால் வெயில் வாட்டி எடுக்கும். மார்கழியில் வந்தால் மழை விடாது பெய்யும். பயணக் கையேடுகள் இந்தச் சிக்கலை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: கிழக்குக் கரைக்கு உகந்த காலம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் ஐந்தாறு மணிநேரப் பயணத் தொலைவில் உள்ள கொழும்பு ஜூன் மாதத்தில் நனைந்துகொண்டிருக்க, திருகோணமலை மட்டும் ஏன் காய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த விடை கிடைக்காது என்பதே என் எண்ணம். கடலுக்கு முதுகைக் காட்டி, தென்மேற்கே கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கும் மலைநாட்டை நினைத்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் வெயிலும் மழையும், குடிநீரும் துறைமுகமும்கூட, ஒரு ஒழுங்குக்குள் வருகின்றன.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வடஅகலாங்கு எட்டரைப் பாகையில், வங்கக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைத் தீபகற்பத்தின் ஒடுங்கிய கழுத்தில் நகரம் அமைந்திருக்கிறது. கிழக்கே டச்பே கடற்கரையில் திறந்த கடலின் அலை அடிக்கும். மேற்கே உட்துறைமுக வீதியில் குளம்போல நீர் அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஒரே நகரத்தில் இரண்டு விதமான கடல் இருப்பதால், இங்கே பிறந்தவர்களுக்குக் கடல் என்ற சொல் எப்போதும் பொதுவான ஒன்றாக இருப்பதில்லை; எந்தப் பக்கத்துக் கடல் என்று கேட்டுத்தான் மேற்கொண்டு பேசுவோம். வடகிழக்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. மேற்கே உவர்மலை. துறைமுகத்தைச் சுற்றிலும் காடு மூடிய சிறு குன்றுகள்.

இந்தக் குன்றுகள் கரையோரத்தில் தனித்து முளைத்தவை அல்ல. இலங்கையின் நடுவே மலைநாடாக உயர்ந்து நிற்கும் மிகப் பழைய உருமாறிய பாறைத் தொகுதி, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் தீவைக் குறுக்கே கடந்து, ஏறக்குறைய இங்கேதான் கடலைச் சந்திக்கிறது. அந்தத் தொகுதியில் உள்ள குவாட்சைற்று என்னும் படிகப்பாறை எளிதில் தேய்வதில்லை. அதனருகே இருந்த மென்மையான பாறைகள் கரைந்துபோக, அது மட்டும் வரிவரியாக எஞ்சி நின்றது. வரிகளுக்கு இடையிலான பள்ளங்களுக்குள் கடல் புகுந்தபோது, கைவிரல்களைப் போலப் பிரிந்த குடாக்களும் தீவுகளும் உருவாயின. இப்படிப் பார்த்தால் சுவாமிமலையும் உவர்மலையும் மலைநாட்டின் கடைசிப் படிகள். இராவணன் வெட்டு என்று நாம் காட்டும் அந்தப் பிளவும் அப்படிகப்பாறையில் விழுந்ததே. புராணத்தையும் நிலவியலையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆழம் ஏன் தூர்ந்துபோகவில்லை என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில்தான் கடலை அடைகிறது. அதன் ஒரு கிளை வெருகலாறு என்ற பெயரில் தெற்கே பிரிந்து தனியாகக் கடலில் சேர்கிறது. மலைநாட்டின் மண்ணையெல்லாம் அள்ளிவரும் ஓர் ஆறு குடாவுக்குள் வந்து விழுந்தால், இயல்பாக அந்தக் குடா சேறும் மணலும் நிறைந்து ஆழங்குறைந்து போயிருக்க வேண்டும். இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம், குடாவின் வாயிலிலேயே தொடங்கும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு. கரையிலிருந்து மிகக் குறைந்த தூரத்திலேயே கடலின் அடித்தளம் பெரும் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆறு கொண்டுவரும் வண்டலின் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கு வழியே சறுக்கி ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. கொழும்பில் அலைதாங்கிகளைக் கட்டி, அகழ்ந்து, மீண்டும் அகழ்ந்து உருவாக்க வேண்டியிருந்த ஆழம் இங்கே பாறையும் பள்ளத்தாக்கும் சேர்ந்து இலவசமாகக் கொடுத்தது. கடல் ஏறி இறங்கும் அளவும் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், வற்றுக் காலத்துக்கும் பெருக்குக் காலத்துக்கும் ஏற்ப நேரம் பார்த்து நுழைய வேண்டிய தேவையும் கப்பல்களுக்கு இல்லை.

இந்தத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதையும் காற்றைக் கொண்டே விளக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், எதிரே உள்ள சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமே இல்லை. சென்னையின் முன் நங்கூரமிட்ட கப்பல் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கே நிற்பது உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். 1659 நவம்பரில் அந்தக் கிழக்குக் கரையில் அடித்த ஒரு புயலில், ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை வெட்டிவிட்டுத் தப்பியது. புதிய மரம் பொருத்திக்கொண்டே கொஞ்சம் வணிகமும் செய்யலாம் என்று அது கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்சையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் தப்பிப் போக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. மூதூர்ப் பக்கத்தில் அந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்ததும், அதே ஆண்டு ஒகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை அவர்களிடமிருந்து பறித்ததும் இதே காரணத்தால்தான்: மாரி தொடங்குவதற்குள் தங்கள் கப்பல்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்ற அவசரம் இரு தரப்புக்கும் இருந்தது. கோட்டைகளின் வரலாற்றைப் பாடப் புத்தகங்கள் நிறையச் சொல்கின்றன. ஆகவே இதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை.

இனிக் கச்சான், அதாவது மேற்கிலிருந்து இங்கே வந்து வீசும் வறண்ட வெப்பக்காற்று. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மறுபக்கத்தை அடைகிறது. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் அந்தக் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டுகிறது. பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். அதைச் சூழ்ந்த மலைத்தொடரைக் கடக்கும் காற்றிடம் கொடுப்பதற்கு ஈரம் அதிகம் மிஞ்சுவதில்லை. மழையாகக் கொட்டிக்கொண்டே ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஐந்தாறு பாகை மட்டுமே குளிர்கிறது. ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போதோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்துப் பாகை அளவுக்குச் சூடாகிறது. ஏறும்போது இழந்த வெப்பத்தைவிட இறங்கும்போது பெறும் வெப்பம் கூடுதல் என்பதால், மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததைவிட வறண்டும் வெம்மையாகவும் அது நம்மிடம் வந்து சேர்கிறது. ஹற்றனில் குடை பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும், பாலையூற்றில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பவருக்கும் வீசுவது ஒரே காற்று.

கச்சானை அனுபவிக்காதவர்களுக்கு அதை விளக்குவது சிரமம். வெறும் வெப்பநிலையைச் சொன்னால் 34, 35 பாகை என்றுதான் வரும்; அது சென்னைக்காரருக்குச் சிரிப்பை வரவழைக்கும். கொடுமை எண்ணில் இல்லை, வறட்சியில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து தரையைத் தடவிக்கொண்டு வரும் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். கொடியில் போட்ட துணி சிறிது நேரத்திலேயே மொடமொடவென்று காய்ந்துவிடும். குளங்களின் நீர் கண்ணுக்குத் தெரியாமலே ஆவியாகிக் கரையிலிருந்து உள்வாங்கும். புற்கள் வைக்கோல் நிறத்துக்கு மாற, மாடுகள் குளத்தின் நடுவே எஞ்சிய பசுமையை நோக்கி இறங்கும். கோட்டைக்குள்ளிருந்து புறப்பட்டு நகருக்குள் சுற்றும் புள்ளிமான்கள் கடைவாசல்களில் நின்று வாழைப்பழத் தோலுக்குக் காத்திருப்பதும் இக்காலத்தில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு வறட்சியிலும் காட்டில் பாலை மரங்கள் பழுத்து மஞ்சளாகக் கொட்டும் என்பது இந்தப் பருவம் தரும் ஒரே ஆறுதல். பிற்பகலில் கடற்காற்று கச்சானை எதிர்த்து உள்ளே வருகிறது. எந்த நாளில் எது வெல்கிறது என்பதைப் பொறுத்தே அந்த இரவின் தூக்கம் அமையும். கச்சான் வலுத்த நாள்களில் கடற்காற்று கரையோரத் தெருக்களைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஆகவே டச்பேயில் இருப்பவர் இதமாக உறங்க, கன்னியாப் பக்கத்தில் இருப்பவர் முற்றத்தில் பாயை விரித்துக்கொண்டு படுப்பார்.

ஆனாலும் இந்தப் பருவத்தை முற்றிலும் மழையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஜூன் மாத மழை சராசரியாக 30 மில்லிமீட்டரையும் எட்டாது என்றாலும், ஒகஸ்ட், செப்டெம்பரில் மாலை நேரத்து இடியோடு கூடிய மழை இடையிடையே வரும். அது நிலத்தை நனைக்கும், கிணற்றை நிரப்பாது.

கிணறு என்றதும் குடிநீர் நினைவுக்கு வருகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில், மாரியில் ஊறிய நன்னீர் கீழிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கோடை முழுவதும் அதை இறைத்துக்கொண்டே போனால் ஆவணி அளவில் உவர்ப்புத் தட்டும். விடுதிகள் பெருகி, ஆழக் குழாய்களும் மோட்டார்களும் வந்தபின் அந்த உவர்ப்பு முன்னரே வந்துவிடுகிறது. நகரின் குழாய்நீர் வருவதோ தென்மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து. கந்தளாய்க் குளம் தன்னைச் சுற்றிப் பெய்யும் மழையை மட்டும் நம்பியிருக்கவில்லை. மகாவலியின் துணையாறான அம்பன் கங்கையின் நீர் எலகெரவில் மறிக்கப்பட்டு, மின்னேரிய வழியாகப் பழைய யோத எல என்னும் கால்வாயில் வந்து இதை அடைகிறது. 1970களில் பொல்கொல்லையில் மகாவலியின் நீரும் அந்தப் பக்கமாகத் திருப்பப்பட்டது. ஆகவே நம்மை வாட்டும் அதே தென்மேற்குக் காற்று மலையில் விட்டுச்சென்ற மழைதான், சுற்றுவழியில், கால்வாய் மாறிக் கால்வாயாக வந்து, ஆடி மாதத்தில் நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் விழுகிறது. கச்சான் நமக்குத் தராமல் போன ஈரத்தில் ஒரு பங்கையாவது ஆறு கொண்டுவந்து தந்துவிடுகிறது.

தம்பலகாமத்தின் வயல்களும் இந்தக் கணக்கில்தான் வாழ்கின்றன. ஒக்டோபர், நவம்பரில் விதைத்துத் தை மாசி தாண்டி அறுக்கும் பெரும்போகத்தை நம் மழை பார்த்துக்கொள்ளும். சித்திரைக்குப் பிறகு தொடங்கும் சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்து நீரின் தயவு. எத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்யலாம் என்று கூட்டம் கூடி முடிவெடுக்கும்போது, தம்பலகாமத்து விவசாயி உண்மையில் கேட்பது மலையில் எவ்வளவு பெய்தது என்பதைத்தான். நீருக்கு இவ்வளவு அருகில் வாழ்வதன் ஆபத்தும் சிறியதல்ல: 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்ட நிகழ்வு இறுதிக்கட்டப் போரின் தொடக்கமாக மாறியதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. வயலுக்கு நீர் பாயும் ஒரு மதகு, ஒரு நாட்டின் போக்கையே திருப்பிய இடம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது.

ஒக்டோபரில் காட்சி மாறுகிறது. தென்மேற்குக் காற்று தளர்ந்து, திசை தெரியாமல் காற்று அசைவற்று நிற்கும் சில வாரங்கள் வரும். அந்த நாள்களில் காலையில் வானம் துலக்கமாக இருக்கும். நண்பகலுக்குப் பிறகு மேற்கே கருமுகில் திரண்டு, மாலையில் இடி முழக்கத்தோடு உடைத்துக் கொட்டும். வெயிலைவிட அந்தப் புழுக்கமே எனக்குப் பொறுக்க முடியாதது. பிறகு வங்கக் கடலில் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகத் தொடங்கும். வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும்போது மழை நேரம் பார்ப்பதை விட்டுவிட்டு இரவு பகலாகப் பெய்யும். ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டரில், நவம்பரிலும் டிசம்பரிலும் மட்டும் மாதத்துக்கு 350 மில்லிமீட்டர் அளவில் பெய்துவிடுகிறது. இலண்டனில் ஆண்டு முழுவதும் பெய்வது 600 மில்லிமீட்டர் சுற்றித்தான். மழைக்குப் பெயர்போன நகரம் என்று சொல்லப்படும் அந்த ஊரின் ஓராண்டு மழையைவிட அதிகமாக, நமது ‘உலர் வலயம்’ இரண்டே மாதங்களில் பெற்றுவிடுகிறது. உலர்ந்தது நிலமல்ல, ஆண்டின் மற்றப் பகுதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்கழியில் பகலின் வெப்பநிலை 28 பாகைக்கு மேல் ஏறுவது அரிது. இரவில் 24க்குக் கீழே இறங்குவதும் அரிது. இந்த நான்கு பாகைக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கே நம் ஊர்ப் பெரியம்மாமார் காதை மூடிச் சால்வை கட்டிக்கொண்டு திருவெம்பாவைக்குப் போவதை வெளிநாட்டுப் பிள்ளைகள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. ஆனால் ஈர வாடையின் குளிர் வெப்பமானிக்குள் அடங்காது. சுவர்களில் பாசி ஏறும். அரிசிப் பானைக்குள் ஈரம் புகும். துணி மூன்று நாளானாலும் காயாது. மட்டிக்களியிலும் தாழ்வான மற்றப் பகுதிகளிலும் நீர் தேங்கி நிற்கும். தை பிறந்த பின் மழை இளகும்; மாசி முதல் பங்குனி வரை வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயில் இன்னும் சினங்கொள்ளாது. என்னைக் கேட்டால் இந்த ஊரின் உண்மையான வசந்தம் அதுவே. ஆனால் அப்போது யாருக்கும் விடுமுறை இருப்பதில்லை.

காற்றின் இந்தத் திருப்பத்தை மீனவர்கள்தான் முதலில் அறிவார்கள். மாரியில் திருக்கடலூரிலும் சல்லியிலும் திறந்த கடலைப் பார்த்த கரைகளில் படகுகள் மேலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். கடல் மணலை வாரிக்கொண்டு போய், கரை ஒடுங்கிக் கிடக்கும். அதே நாள்களில் உட்துறைமுகத்துக்குள் இருக்கும் கொட்பேயிலும், தம்பலகாமக் குடாவிலும், கிண்ணியாவின் களப்புகளிலும் தொழில் நடந்துகொண்டிருக்கும். பங்குனி சித்திரையில் வாடை ஓய்ந்து கடல் தணிந்ததும் கரைவலைகள் விரிக்கப்படும். அப்போது மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்குவதால், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கரைக்கு இடம்பெயர்ந்து வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்களை அமைத்துத் தொழில் செய்கிறார்கள். ஒரே தீவில் ஒரு கரைக்கு ஓய்வு வரும்போது மறு கரைக்கு வேலை வருகிறது. இந்த ஏற்பாட்டினால் சில பிணக்குகள் எழுவதும் உண்டு, உறவுகள் உண்டாவதும் உண்டு.

வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை நீளும் கரையில் குன்றுகள் விலகி மணல் ஆட்சிக்கு வருகிறது. நிலாவெளியில் உப்பளங்கள் இருப்பதற்கும் கச்சானுக்கும் நேரடித் தொடர்பு உண்டு: வயலுக்குப் பகையான அதே வறண்ட காற்றும் மழையற்ற நீண்ட வெயிலுமே பாத்திகளில் உப்பை விளைவிக்கின்றன. புல்மோட்டையில் கரை கறுத்திருக்கிறது. இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனிமங்கள் மணலோடு கலந்து கிடக்கின்றன. எடை குறைந்த மணலை அலை இழுத்துச் சென்றுவிட, எடை கூடிய கனிமங்கள் கரையில் தங்குகின்றன. மாரிக்கால அலைகள் ஆண்டுதோறும் இந்தப் புடைத்தலைச் செய்கின்றன. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள முருகைக்கற்கள் மாரியில் கலங்கல் நீரைப் பொறுத்துக்கொண்டு, கோடையில் தெளிந்த நீரில் ஒளியைப் பெற்று வாழ்கின்றன. கோடை விடுமுறையில் அவற்றின் மேல் ஏறி நின்று படமெடுப்பவர்களின் கால்களையும் அவை பொறுத்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

கடலடிப் பள்ளத்தாக்கைப் பற்றி மேலே சொன்னேன். அது கரைக்கு இவ்வளவு அருகே வருவதால், நடுக்கடலில் மட்டுமே காணக்கூடிய நீலத்திமிங்கிலங்களும், ஆழத்தில் கணவாய் தேடும் விந்துத் திமிங்கிலங்களும் பங்குனி முதல் ஆவணி வரையிலான காலத்தில் நம் கரையோரம் வருகின்றன. கோணேசர் கோயில் வாசலில் நின்றபடியே, கண் பழகியவர்கள் தூரத்தில் எழும் நீர்த்தூவலைக் காட்டித் தருவார்கள். உலகின் மிகப் பெரிய உயிரினத்தைப் படகேறாமல் தரையில் நின்று பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று நம் கோயில் முன்றில் என்பதை ஊரார் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு சூட்டில் நீர் ஊறுவதால், அருகே எரிமலை ஏதோ இருக்கிறது என்று நம்புவோர் இன்னும் உண்டு. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பாறையின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. மலைநாட்டுப் பாறைத் தொகுதி கிழக்குத் தாழ்நிலப் பாறைத் தொகுதியைச் சந்திக்கும் எல்லையை ஒட்டி, மகாஓயா, மகபெலெஸ்ஸ எனத் தெற்கே அம்பாந்தோட்டை வரை இத்தகைய ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன; அந்த வரிசையின் வடமுனையில் இருப்பது கன்னியா. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய நாம் போகும் அந்த இடத்திலும் நிலத்தடியில் மலைநாடு நம்மைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

புயல்களைப் பற்றிப் பேசாமல் வங்கக் கடலோர ஊரொன்றைப் பற்றி எழுத முடியாது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே புயல்கள் சுழன்று எழுவதில்லை. ஆனால் எட்டரைப் பாகை அதற்குப் போதுமான தூரம். கார்த்திகை மார்கழியில் தென்வங்கக் கடலில் உருவாகி மேற்கே நகரும் சுழல்கள் நம் கரையை எதிர்கொள்கின்றன. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் கடந்தது இலங்கையின் வடகிழக்கைத்தான். திருகோணமலையின் முதியவர்களுக்கு அந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மற்றொரு புயல் திருகோணமலைக்கு அருகே கரையேறியது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே நாளில் ஆழிப்பேரலை வந்தது. அதற்கும் வானிலைக்கும் தொடர்பில்லை என்றாலும், நத்தாருக்கு மறுநாள் இந்த ஊரில் பலருக்கு இன்றும் கடலைப் பார்க்க மனம் வருவதில்லை. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று எனத் தாழ்ந்த மணற்கரைகளில் இழப்பு மிகுந்தது. கிண்ணியா மருத்துவமனையும் அழிந்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மக்களை முன்கூட்டியே பள்ளிக்கூடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். காற்று எதிர்பார்த்த அளவு கொடுமையாக இருக்கவில்லை.

உண்மையில், காற்றைவிட ஆற்றுக்கே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைக் கடந்தபோது, அதன் மிகப் பெரிய அழிவு மலைநாட்டில் நடந்தது. மண்சரிவுகள் ஊர்களையே மூடின. அங்கே விழுந்த மழை அங்கேயே நின்றுவிடவில்லை. மகாவலி வழியே இறங்கி, நம் பக்கத்தில் மழை குறையத் தொடங்கிய பிறகும் பெருகிக்கொண்டே வந்து, வெருகல், மூதூர், சேருவில ஆகிய தாழ்நிலங்களை மூழ்கடித்தது. மாரிக் காலத்தில் ஆற்றின் கழிமுகத்தில் வாழ்பவருக்குத் தம் தலைக்கு மேலே உள்ள வானம் தெளிந்துவிட்டது என்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல. மேலே பெய்த நீர் வந்து சேர ஓரிரு நாள் எடுக்கும். அதனால்தான் மூதூர்ப் பக்கத்தில் அனுபவமுள்ளவர்கள், மழை நாள்களில் திருகோணமலைக்கான முன்னறிவிப்பைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. பொலன்னறுவைப் பக்கத்தில் மனம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டறிந்த பிறகே, நெல் மூட்டைகளை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.